தாகம் தீர்த்த தலைவர்

நவம்பர் மாதம் பிறந்தால் நம் கால்கள் கல்லறைத் தோட்டத்தை நாடிச் செல்கின்றன. புல்லைக் களைந்து, சிலுவைக்குச் சுண்ணாம்பு பூசி, மலர் தூவி, மெழுகுதிரி ஏற்றி, நம்மைப் பெற்றோரையும் உற்றோரையும் எண்ணிச் செபிக்கிறோம். இது நன்று, காலங்காலமாகத் திருச்சபை நமக்குக் கற்பித்து வந்த பக்தி முயற்சி. ஆயினும், நம் குடும்பத்தைச் சேராத மரித்தோர் சிலருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். நாம் நடக்கும் சாலையை அமைத்தவர், நாம் கற்ற பள்ளியைத் திறந்தவர், நாம் அருந்தும் நீரைக் கொண்டு வந்தவர் ஆகியோரின் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுவார் யார்?

அத்தகைய ஒருவரை இம்மாதத்தில் வாசகக் குடும்பங்களுக்கு நினைவூட்ட விழைகிறேன். 1869 ஆம் ஆண்டு நவம்பர் 15 ஆம் நாள் பிறந்து, 1930 ஆம் ஆண்டில் மறைந்த ராவ் பகதூர் குரூஸ் பர்னாந்து அவர்களே அப்பெரியார். தூத்துக்குடி மக்கள் அவரை நன்கு அறிவர். சென்னை வாழ் கத்தோலிக்கருள் எத்தனை பேர் அறிவர் என்பது ஐயமே. நானும் 2019 ஆம் ஆண்டு வரை அவர் பெயரை ஒரு சிலையின் பெயராக மட்டுமே அறிந்திருந்தேன். அவரை எனக்கு அறிமுகப்படுத்தியது நூலன்று. கோட்டூர்புரத்தில் குடத்தோடு நின்ற ஒரு மூதாட்டி.

பூட்டிய கதவு

2019 ஆம் ஆண்டுக் கோடையைச் சென்னை மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். புழல், செம்பரம்பாக்கம், சோழவரம், பூண்டி ஆகிய ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. அவ்வாண்டு சூலைத் திங்கள் 12 ஆம் நாள் சோலார்பேட்டையிலிருந்து 50 பெட்டிகள் கொண்ட இரயில் வண்டி 25 இலட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்து வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. தலைநகரமே தண்ணீருக்காகத் தண்டவாளத்தைப் பார்த்துக் காத்திருந்த காலம் அது.

கோட்டூர்புரம் அடையாற்றின் கரையிலேயே இருக்கிறது. ஆற்றோரத்துக் குடியிருப்புகளில் கூலி வேலை செய்வோரும், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்களும், ஆட்டோ ஓட்டுவோருமாய் எண்ணற்ற குடும்பங்கள் வாழ்கின்றன. லாரி எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாது. விடியுமுன்பே பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நிற்கும். அவற்றுக்குக் காவலாகத் தாய்மார் நிற்பர். ஞாயிறு திருப்பலியில் அருகருகே முழந்தாளிட்டு நற்கருணை வாங்கிய இரு பெண்கள் திங்கட்கிழமை அவ்வரிசையில் ஒருவர் கூந்தலை ஒருவர் பற்றி இழுத்ததை நான் என் கண்ணாலேயே கண்டேன்.

அந்நாளில் நான் செய்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். என் பொறுப்பிலிருந்த வளாகத்தில் ஒரு கிணறு இருந்தது. நீர் அதிகமில்லை, ஆனால் அறவே வற்றவுமில்லை. ஊரைத் திறந்துவிட்டால் இரண்டே நாளில் தீர்ந்து போகும், சிறுவர் மறைக்கல்வி வகுப்பும் திருவிழா ஏற்பாடும் தடைப்படும் என்று கருதி, வெளிக்கதவைப் பூட்டி வைக்கச் சொன்னேன். அன்று அது எனக்கு விவேகமாகவே தோன்றியது.

ஒரு நாள் மாலை, தூத்துக்குடியைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு மூதாட்டி வெறுங்குடத்தோடு வந்து என்னெதிரே நின்றார். நீர் கேட்கவில்லை. "சாமி, எங்க ஊர்லயும் ஒரு காலத்துல நல்ல தண்ணி கிடையாதாம். எங்க பாட்டி சொல்லுவா. நம்ம ஆளு ஒருத்தர்தான் வல்லநாட்டுல இருந்து ஆத்துத் தண்ணியக் குழாய்ல கொண்டாந்தாராம். குரூஸ் பர்னாந்துன்னு பேரு. அவரு வீட்டுக்கு மட்டுமா கொண்டாந்தாரு? ஊருக்கே இல்ல கொண்டாந்தாரு?" என்றார். அவ்வளவே, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டார்.

அன்றிரவு எனக்குச் செபமும் ஓடவில்லை, உறக்கமும் வரவில்லை. மறுநாள் காலை கதவைத் திறக்கச் சொன்னேன். வீட்டுக்கு இரண்டு குடம் என்று பங்கு இளைஞர்கள் முறை வகுத்தனர். கிணறு இரண்டு நாளில் தீர்ந்து போகவில்லை. மழை வரும்வரை தாக்குப் பிடித்தது. அதைப் புதுமை என்று நான் சொல்ல மாட்டேன். அளந்து கொடுத்தால் கொஞ்சமும் நெடுநாள் வரும் என்பதே அதில் நான் கற்ற பாடம். அதன் பின்னரே அந்தக் குரூஸ் பர்னாந்து யார் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

கடல் சூழ்ந்த ஊரில் குடிக்க நீரில்லை

தூத்துக்குடியின் பெருமையைக் கத்தோலிக்கருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 16 ஆம் நூற்றாண்டிலேயே முத்துக்குளித்துறைப் பரதவர் கூட்டங்கூட்டமாகத் திருமுழுக்குப் பெற்ற கரை அது. 1542 ஆம் ஆண்டு புனித சவேரியார் வந்து அம்மக்களின் மொழியிலேயே மந்திரங்களைக் கற்பித்த மண் அது. 1713 ஆம் ஆண்டில் எழும்பிய பனிமய அன்னையின் ஆலயம் 1982 இல் பேராலய நிலைக்கு உயர்த்தப்பட்டது. ஆண்டுதோறும் ஆகஸ்டு 5 ஆம் நாள் அன்னையின் திருவிழாவில் சாதி மத வேறுபாடின்றி மக்கள் கூடுகின்றனர்.

வணிகத்திலும் அவ்வூர் தாழ்ந்ததன்று. 1866 ஆம் ஆண்டில் நகராட்சி அமைந்தது. 1876 இல் இரயில் பாதை வந்தது. பருத்தி மூட்டைகள் கப்பலேறின. கொழும்புக்கு நீராவிக் கப்பல்கள் சென்று வந்தன. 1906 ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கி வெள்ளையர் வாணிகத்தை அதிரச் செய்ததும், 1908 இல் கோரல் ஆலைத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நின்றதும், அவ்வாண்டே அவர் சிறைப்பட்டதும் நாடறிந்த வரலாறு.

இத்தனை சிறப்பும் உடைய ஊருக்குக் குடிக்க நல்ல நீர் இல்லை. மன்னார் வளைகுடாவின் ஓரத்தில், மழை குறைந்த கரிசல் நிலத்துக்கும் உப்பளங்களுக்கும் அருகே அமைந்த நகரம் அது. கிணறு தோண்டினால் பெரும்பாலும் உவர்நீரே ஊறும். வெளியூரிலிருந்து நன்னீர் கொண்டு வந்து விலைக்கு விற்ற காலமும் உண்டென்று அவ்வூர்ப் பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விலைக்கு வாங்க இயலாதவர் உவர்நீரையோ குளத்து நீரையோ குடித்தனர். தூய்மையற்ற நீர் வழியாகவே காலரா பரவும் என்பதை அக்கால மருத்துவர் அறிந்திருந்தனர். ஆனால் அறிந்ததனால் மட்டும் ஏழையின் குடம் நிறைந்துவிடுமா?

இதில் ஒரு விந்தையும் உண்டு. தூத்துக்குடிக்கு மேற்கே, பொதிகையில் பிறந்து, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டினாலும் பயன்பெற்று, கோடையிலும் முற்றும் வற்றாத தாமிரபரணி ஓடிக்கொண்டிருந்தது. திருவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால் நகருக்கருகே உள்ள கோரம்பள்ளம் குளம் வரை வந்து வயல்களை நனைத்தது. வயலுக்கு வந்த ஆறு, வீட்டுக்கு வரவில்லை. அதை வீட்டுக்கு வரவழைக்க ஒருவர் பிடிவாதமாக நிற்க வேண்டியிருந்தது.

ஐந்து முறை ஏறிய படி

பரதவ குலத்தில் தோன்றிய குரூஸ் பர்னாந்து அவர்கள் 1909 ஆம் ஆண்டில் முதன்முறையாகத் தூத்துக்குடி நகராட்சித் தலைவரானார். தொடர்ந்து ஒரே மூச்சில் அவர் அப்பதவியில் இருந்தாரில்லை. வந்தார், போனார், மீண்டும் வந்தார். இவ்வாறு ஐந்து முறை அவர் நகரத் தலைவரானார். ஒரு முறை பதவி போனதும் மனங்கசந்து ஊர்க்காரியங்களை விட்டு ஒதுங்கிக் கொள்ளும் நம்மவர் பலருக்கு, இது ஒன்றே போதிய படிப்பினை.

அக்காலத்து நகராட்சி எத்தகையது என்பதைச் சிறிது அறிந்தாலன்றி அவர் பணியின் அருமை விளங்காது. 1882 ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானமும், 1884 ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிச் சட்டமும் இந்தியருக்கு ஊராட்சியில் ஓரளவு இடமளித்தன. ஆயினும் கருவூலத்தின் திறவுகோல் அரசாங்கத்தின் கையிலேயே இருந்தது. பெருந்திட்டம் ஒன்றை எண்ணினால், பொறியாளர் மதிப்பீடு செய்ய வேண்டும். மன்றத்தினர் இசைய வேண்டும். மாகாண அரசு ஒப்ப வேண்டும். கடன் வாங்க வேண்டும். அக்கடனை அடைக்க மக்கள் மீது வரி விதிக்க வேண்டும். வரி என்றவுடன், நேற்று வரை வணங்கியவரும் முகத்தைத் திருப்பிக் கொள்வர். இதனிடையே 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போர், இரும்பையும் பணத்தையும் அரிய பொருள்களாக்கிவிட்டது.

மற்றொன்றும் கவனிக்கத் தக்கது. அந்நாளில் வாக்குரிமை எல்லார்க்கும் உரியதன்று. வரி செலுத்தும் வசதி படைத்த சிலரே நகர மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். அவர்களுக்கோ நன்னீரை விலைக்கு வாங்கும் வலிமை இருந்தது. தண்ணீரின்றித் தவித்தவர்க்கு வாக்கில்லை, வாக்குடையவர்க்குத் தவிப்பில்லை. இந்நிலையில் வாக்கற்றவரின் தாகத்தைத் தன் தாகமாகக் கொள்வதற்குக் கணக்கறிவு மட்டும் போதாது. நெஞ்சில் ஈரம் வேண்டும்.

வல்லநாடு தூத்துக்குடியிலிருந்து 20 மைலுக்கும் மேற்பட்ட தொலைவில், தாமிரபரணிக் கரையில் உள்ள சிற்றூர். அங்கிருந்து ஆற்று நீரை எடுத்து, குழாய் பதித்து, தூத்துக்குடி வரை கொண்டு வருவதே குரூஸ் பர்னாந்து அவர்கள் மேற்கொண்ட பணி. இன்று நாம் நூற்றுக்கணக்கான மைல் தொலைவுக்கு நீரைக் கொண்டு செல்கிறோம்; அதனால் இது சிறிதெனத் தோன்றலாம். ஆனால் ஏறத்தாழ 100 ஆண்டுகளுக்கு முன், ஒரு சிறு நகராட்சி தன் தகுதிக்கு மீறிய சுமையைத் தோளில் ஏற்றிக் கொண்ட துணிச்சலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1927 ஆம் ஆண்டில் வல்லநாட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேறியது. முதன்முறை தலைவரான ஆண்டிலிருந்து எண்ணினால் 18 ஆண்டுகள். மூன்றாண்டுகளுக்குப் பின் அவர் கண் மூடினார்.

உழுதவர் பலர் அறுவடையைக் காண்பதில்லை. அவருக்கு இறைவன் அந்தப் பேற்றை அளித்தார். தம் ஊர்ப் பெண்கள் தெருக்குழாயில் நன்னீர் பிடிப்பதைத் தம் கண்ணால் கண்டபின்னரே அவர் விடைபெற்றார். அவருடைய சிலை அந்நகரின் நடுவே நிற்கிறது. வழி கேட்போருக்கு அடையாளமாகப் பலரும் அச்சிலையையே சொல்கின்றனர். 2008 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள், அன்னையின் திருநாளன்றே தூத்துக்குடி மாநகராட்சியாக உயர்ந்தது. 2023 ஆம் ஆண்டு நவம்பரில் தமிழக அரசு அவருக்கு எழுப்பிய மணிமண்டபமும் திறக்கப்பட்டது. இறந்து 90 ஆண்டுகள் கடந்த பின்னும் ஒரு நகராட்சித் தலைவரை ஊர் மறவாதிருப்பது அரிதினும் அரிது.

மண்டபம் திறந்த மறு மாதமே, 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்களில் இடுப்பளவு வெள்ளம் நின்றது. குடிக்கவோ நீரின்றி மக்கள் தவித்தனர். குழாயில் வரும் நீரின் அருமையை, அது நின்றுபோன நாளிலன்றி நாம் உணர்வதில்லை.

கோவில் மணியும் ஊர்க் குழாயும்

நம்மிடையே ஒரு தவறான எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நல்ல கத்தோலிக்கர் என்றால் நாள்தோறும் செபமாலை செபிப்பவர், பாத்திமா அன்னைக்கு நவநாள் செய்பவர், கோவில் திருவிழாவுக்கு நன்கொடை தருபவர் என்று கருதுகிறோம். நகராட்சி, ஊராட்சி, குடிநீர், சாக்கடை என்பவை உலகக் காரியங்கள். அவற்றில் கை வைத்தால் கை அழுக்காகும் என்று ஒதுங்குகிறோம். குருக்களாகிய நாங்களும் இவ்வெண்ணத்தை வளர்த்த குற்றத்துக்கு ஆளானவர்களே.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டில், கோவிலில் அறிக்கையிடும் விசுவாசத்துக்கும் அன்றாட வாழ்வுக்கும் இடையே விழுந்த பிளவை இக்காலத்தின் பெருந்தவறுகளுள் ஒன்றாகவே எண்ணியது. பொது நலனுக்காக ஆட்சிப் பொறுப்புகளைச் சுமப்போரின் பணியை அது போற்றியது. குரூஸ் பர்னாந்து அவர்களோ, அச்சங்கம் கூடுவதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்தவர். பொதுநிலையினரின் அழைப்பு பற்றிய மறையியலை அவர் படித்திருக்க இயலாது. ஆனால் தாகமாயிருந்தவருக்கு நீர் கொடுத்தது ஆண்டவருக்கே கொடுத்ததாகும் என்னும் நற்செய்தியை எந்த ஆலயத்திலும் கேட்டிருப்பார். குவளையில் கொடுப்பது ஒரு வகை. குழாயில் கொடுப்பது மற்றொரு வகை. முன்னது ஒருவரின் தாகத்தை ஒரு வேளை தீர்க்கும். பின்னது ஊரின் தாகத்தைத் தலைமுறைகளுக்குத் தீர்க்கும். இரண்டும் அறமே.

குரூஸ் பர்னாந்து அவர்களைப் போன்றோர் நம்மிடையே அவருக்குப் பின்னும் தோன்றியுள்ளனர். குமரிக் கரையிலிருந்து வந்த லூர்தம்மாள் சைமன் அம்மையார் 1957 இல் அமைந்த காமராசர் அமைச்சரவையில் உள்ளாட்சித் துறையையும் மீன்வளத்தையும் பொறுப்பேற்று நடத்தியதை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். கடற்கரை மக்களின் குறையைக் கோட்டை வரை கொண்டு சென்ற கத்தோலிக்கப் பெண்மணி அவர்.

திருத்தந்தை பிரான்சிசு 2015 ஆம் ஆண்டு வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், பாதுகாப்பான குடிநீர் மனிதர் அனைவருக்கும் அடிப்படை உரிமை என்று அழுத்தமாகக் கற்பித்தார். அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 2010 இல் ஐக்கிய நாடுகள் பொதுப் பேரவையும் இவ்வுரிமையை ஏற்றது. உரோமையிலும் நியூயார்க்கிலும் ஏட்டில் எழுதப்பட்டதை, வல்லநாட்டு மண்ணில் குழாயாகப் புதைத்து வைத்தவர் நம் குரூஸ் பர்னாந்து.

நமக்கு விட்டுச் சென்ற கடன்

கோட்டூர்புரத்துக்குத் திரும்புவோம். 2015 ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு அடையாறு கரைபுரண்டு, ஆற்றோர வீடுகளை மூழ்கடித்தது. மாடியில் தவித்தவரை மீட்க மீனவ இளைஞர் தம் படகுகளைத் தெருக்களில் ஓட்டி வந்தனர். மீட்கப்பட்டவரின் சமயத்தையோ சாதியையோ அவர்கள் கேட்கவில்லை. நான்கே ஆண்டுகளில் அதே தெருவில் வெறுங்குடங்கள் நின்றன. நீர் மிகுந்தாலும் துன்பம், குறைந்தாலும் துன்பம். இரண்டிலும் முதலில் அடிபடுபவர் ஏழைகளே. இதற்கெல்லாம் விதியை நொந்து பயனில்லை. ஏரியைக் காப்பதும், கால்வாயைத் தூர் வாருவதும், மழைநீரைச் சேமிப்பதும், குழாயில் வரும் நீர் கடைசி வீட்டுக்கும் சேருகிறதா என்று கேட்பதும் மனிதர் செய்ய வேண்டிய வேலைகள்.

எனவே இந்நவம்பர் மாதத்தில் ஒவ்வொரு பங்கிலும் குடும்பங்கள் மூன்று காரியங்களைச் செய்யலாமே என வேண்டுகிறேன். முதலாவது, உங்கள் ஊருக்கு நன்மை செய்து மறைந்த ஒருவரைப் பற்றிப் பெரியோரிடம் கேட்டறிந்து, பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இரண்டாவது, உங்கள் வார்டுக் கூட்டத்துக்கும் கிராம சபைக்கும் செல்லுங்கள். கோவிலுக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வராமல், தெருவுக்கு வேண்டியதைக் கேளுங்கள். மூன்றாவது, உங்கள் கிணறும் தொட்டியும் பூட்டிக் கிடக்கின்றனவா என்று பாருங்கள். இம்மூன்றாவதை நான் பிறருக்குச் சொல்லும் தகுதியால் எழுதவில்லை. பூட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

கோட்டூர்புரத்துக்குத் தொலைவிலல்லாமல் அடையாற்றங்கரையில் சின்னமலை இருக்கிறது. நீரின்றி வாடிய மக்களுக்காகத் திருத்தூதர் தோமையார் அங்கே பாறையைத் தட்ட, நீர் சுரந்தது என்பது வழிவழி வந்த மரபு. திருத்தூதர் பாறையைத் தட்டினார். குரூஸ் பர்னாந்து ஆட்சியாளரின் கதவைத் தட்டினார். 18 ஆண்டுகளில் அங்கும் நீர் சுரந்தது.

அந்த மூதாட்டி இன்று உயிரோடில்லை. அடக்கத் திருப்பலியை நானே நிறைவேற்றினேன். பெட்டியின் மேல் தீர்த்தம் தெளித்தபோது அவருடைய வெறுங்குடமே என் கண்முன் நின்றது. இம்மாதம் நான் ஒப்புக்கொடுக்கும் திருப்பலிகளில் அவர் பெயரோடு குரூஸ் பர்னாந்து அவர்களின் பெயரையும் சேர்த்துக் கொள்கிறேன். அன்பார்ந்த வாசகர்களே, நீங்களும் இன்று தண்ணீர் அருந்துமுன், அதை உங்கள் வீடு வரை கொண்டு வந்து சேர்த்த முகமறியா மனிதருக்காக ஒரு சிறு செபம் சொல்லுங்கள். வற்றாத வாழ்வின் ஊற்றாகிய இறைவன் அவர்கள் அனைவருக்கும் இளைப்பாற்றி அளிப்பாராக!